தொப்பிக்கு ஒரு கீறலும் இல்லை

பதினோராவது மாடியிலிருந்து நழுவிய சாரக் குழாய் கொளஞ்சியின் தலையில் விழுந்தபோது தொப்பிக்கு ஒரு கீறலும் விழவில்லை. ஓடி வந்த ஆபீசர்கள் முதலில் தொப்பியைத்தான் கழற்றினார்கள். இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள், வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார்கள். உச்சியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "டேட்டா பத்திரமா இருக்கு சார்" என்று ஒருவர் போனில் சொன்னார். அதற்குப் பிறகுதான் தொப்பிக்குள் ஒரு தலை இருந்தது யாருக்கோ ஞாபகம் வந்தது. அது பிளந்து கிடந்தது.

கொளஞ்சியின் பெண்டாட்டி அஞ்சலாட்சி அப்போது கீழே ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் இருந்தது சந்தையில் விற்கிற மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி. சித்தாளுக்கு நினைவுத் தொப்பி கிடையாது. கம்பி கட்டுகிறவன், தச்சன், கரண்டு வேலைக்காரன் என்று தொழில் தெரிந்த மண்டைகளுக்கு மட்டுந்தான் அது. ஜல்லி சுமக்கிற மண்டையில் எடுத்து வைக்க என்ன இருக்கிறது என்று கம்பெனி நினைத்திருக்க வேண்டும்.

நினைவுத் தொப்பி இரண்டு வருஷமாக அந்த சைட்டில் இருக்கிறது. காலையில் கேட்டுக்குள் நுழைந்ததும் பதிய ஆரம்பிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியேறும்போது நின்றுவிடும். இடையில் அந்தத் தலைக்குள் ஓடுகிறதெல்லாம் ஆபீஸ் பெட்டிக்குப் போய்ச் சேரும். எவன் உழைக்கிறான், எவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கனா காண்கிறான் என்று கண்டுபிடிக்க வாங்கிய சாமான் அது. பிறகு எங்கேயோ ஒரு பெரிய டாக்டர், அடிபட்டுக் காலியான மூளையை இந்தப் பதிவை ஊற்றியே நிரப்பலாம் என்று சொன்னார். கம்பெனி மறுநாளே காம்பவுண்டு சுவரில் பெயின்ட் அடித்தது: 'உங்கள் நினைவு எங்கள் பொறுப்பு.' அந்தச் சுவர் ஓரமாகத்தான் ஆட்கள் ஒன்றுக்குப் போவார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கொளஞ்சி கண் விழித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முதல் வார்த்தை கேட்டான்.

"பத்தாவது மாடிக்கு எட்டு எம்எம் கம்பி வந்துச்சா?"

அஞ்சலாட்சி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "ஏங்க, நாந்தாங்க. என்னியப் பாருங்க."

அவன் பார்த்தான். அவள் சட்டையைப் பார்த்தான், காலில் ஒட்டியிருந்த சிமெண்டைப் பார்த்தான். "சித்தாளு, நீ இங்க என்னா பண்ற? மேஸ்திரி பாத்தாருன்னா சத்தம் போடுவாரு. கீழ போம்மா."

"உங்க பேரு என்னாங்க? அதையாவது சொல்லுங்க."

"கம்பி, நூத்திப் பதினேழு" என்றான், கையைத் தூக்கி, வரிசையில் நிற்கிறவன் மாதிரி.

கூட இருந்தவள் பிரிசில்லா. நினைவுப் பிரிவில் வேலை பார்க்கும் மேடம். நல்ல மனுஷிதான், ஆனால் கம்பெனி சொல்லிக்கொடுத்த வார்த்தைதான் வாயில் முதலில் வரும்.

"பேச்சு, நடை, கைத்தொழில் எல்லாம் தப்பிச்சிருச்சும்மா. ஆளு, பேரு, ஊரு இருந்த எடந்தான் போச்சு. அதுல தொப்பிப் பதிவ ஊத்தியிருக்கோம். சூப்பரா புடிச்சிருக்கு."

"என்னியத் தெரியலியே மேடம்?"

"தொப்பி வேலை நேரத்துலதான பதியும்? வீட்டுக்குள்ள பதியக் கூடாதுன்னு விதி. உங்க அந்தரங்கத்த நாங்க மதிக்கிறோம்."

அஞ்சலாட்சி விடவில்லை. "சரி, வேலை நேரத்துல ஒரு தடவகூடவா இந்த மனுசன் என்னிய நெனைக்கல?"

"நெனச்சிருப்பாரு. ஆனா அத மெஷின் கழிச்சிரும். கவனச்சிதறல்னு பேரு. வீடு, பொண்டாட்டி, பசி, சினிமாப் பாட்டு, பேரு சொல்லிக் கூப்பிட்டு அரட்டை அடிக்கிறது, எல்லாம் எடத்த அடைக்குமில்ல?"

"பதினேழு வருசம் குடும்பம் நடத்துனது குப்பையா?"

"அய்யோ, குப்பைன்னு சொல்லலம்மா" என்றாள் பிரிசில்லா பதறிப்போய். "கழிவுன்னுதான் போட்டிருக்கு."

*

அஞ்சலாட்சி அவனைத் தகரக் கொட்டாய்க்குக் கூட்டி வந்தாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. பத்தடிக்குப் பத்தடி. அதற்குள் ஒரு வேலைக்காரனை வைத்துக் காப்பாற்றுவது என்ன பாடு என்று அப்போதுதான் தெரிந்தது.

காலை எட்டு மணிக்கு எழுந்து தயாராக நிற்பான். கண்ணில் பட்டதையெல்லாம் கட்டுவான். துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து, ஆறு அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வைத்திருந்தான். ஒரு மணிக்கு சைட்டில் சங்கு ஊதும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஊதியதும் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துக் கையை உதறுவான். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் அவளிடம் வந்து ஒரு விரலைக் காட்டி நிற்பான். "போங்க" என்று சொன்னால்தான் போவான்.

சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இப்படி. தலையில் இல்லாத தொப்பியை இரண்டு கையாலும் கழற்றி, இல்லாத ஆணியில் மாட்டுவான். அவ்வளவுதான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆறுக்குப் பிறகு ஒரு மனுஷன் என்ன செய்வான் என்பது பதிவிலேயே இல்லை. சுவரைப் பார்த்து நிற்பான். பிடித்துப் படுக்க வைத்தால் படுப்பான். கண்ணை மூடச் சொன்னால் மூடுவான்.

கொட்டாய் வரிசையில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். வல்லாரைக் கீரையை அரைத்துத் தலையில் அப்பினார்கள், உள்ளுக்கும் கொடுத்தார்கள். அடிபட்ட உறுப்பைத் தின்றால்தான் அந்த உறுப்பு வளரும் என்று ஒருத்தி ஆட்டு மூளையை மிளகு போட்டு வறுத்து வந்தாள். கொளஞ்சி ஒரு மணிச் சங்குக்கு முன்னால் அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். சங்கு ஊதுவதற்குள் அவள் வீட்டுக்காரன் தின்றுவிட்டான். அவன் மூளையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. காந்தத் தலையணை ஒன்று வந்தது. அதில் படுத்து எழுந்தவன் தலைமுடியில் இரும்புத் தூள் ஒட்டியிருந்ததுதான் பலன்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 'மாற்றுவழி மீட்பு' என்று ஒரு குளிர்ந்த அறையை வைத்திருந்தார்கள். அங்கே வெள்ளைச் சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி ஓசை எழுப்பினாள். பிறகு ஒரு சீசாவை அவன் மூக்குக்குக் கீழே காட்டினாள்.

"கண்ண மூடி ஆழமா இழுங்க. இந்த வாசனை உங்க குழந்தைப் பருவத்துக்குக் கூட்டிட்டுப் போகும். எங்க இருக்கீங்க? சொல்லுங்க."

"கக்கூஸ்ல" என்றான் கொளஞ்சி. "பினாயில் ஊத்தியிருக்காங்க."

கடைசியில் கம்பெனி ஒரு புது வைத்தியம் சொன்னது. வேலையே மருந்து. காலையில் வந்து கீழே கம்பி யார்டில் ரிங் வளைக்க வேண்டும். தொப்பி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பதிவை ஊற்றிச் சரிபார்க்கும். உலகத்தில் எந்த மருந்தும் இப்படிப் பத்து மணி நேரம் தொடர்ந்து கொடுக்கப்பட்டதில்லை.

*

ஒரு நாள் சாயங்காலம் அவளுக்கே உடம்பு முடியவில்லை. நொய்க்கஞ்சி வைத்து, சுக்குத் தட்டிப் போட்டாள். ஆறு மணி தாண்டியிருந்தது. கொளஞ்சி வழக்கம்போல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். கஞ்சி வாசனை எழுந்ததும் திரும்பினான்.

"காய்ச்சக்காரனுக்குக் குடுத்தியா?"

கரண்டி அவள் கையிலேயே நின்றது. ஆறு மணிக்கு மேல் அவன் பேசி அவள் கேட்டதில்லை. "யாருக்குங்க?"

"கொளஞ்சிக்குத்தான். காலையில ஒரு வாயி எறங்கல. நெத்தி கொதிக்குது. நான் வந்து மேல நின்னு கம்பி கட்டிக்கிட்டு இருக்கன்." அவன் குரல் தாழ்ந்தது. "செத்துகித்துப் போனான்னா பழி எம்மேல வரும். பொழச்சி எந்திரிச்சான்னா திரும்பவும் தட்டத் தூக்கி வீசுவான். ரெண்டுல எது ஆனாலும் எனக்குத்தான்."

அந்த வார்த்தைகள் அஞ்சலாட்சிக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. ஐப்பசி மாசம், ஒன்பதாவது மாடியில், பீம் கம்பிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அவள் மனசுக்குள் நினைத்தது அது. அட்சரம் பிசகாமல்.

"யோவ், நீதானய்யா கொளஞ்சி!"

அவன் சிரித்தான். விழித்ததிலிருந்து முதல் சிரிப்பு. "நான் எப்படி? நான்தான் மேல நின்னு அவன நெனச்சிக்கிட்டு இருக்கன்ல?"

அந்த சைட்டில் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொப்பி மாற்றுவது. ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லை, ஊரில் சாவு, போகாமல் இருக்க முடியாது. நாலு நாள் வராவிட்டால் வேலைச் செட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஆகவே அவன் தொப்பியை வேறொருத்தன் போட்டுக்கொண்டு நுழைவான். கேட்டில் இருக்கும் மெஷின் தொப்பியைத்தான் பார்க்கும், தலையைப் பார்க்காது. செட்டுக்கு மேஸ்திரி அய்யாக்கண்ணு. விருத்தாசலம் பக்கத்திலிருந்து பதிமூன்று பேரைக் கூட்டிவந்தவர், அவரோடு பதினாலு. யார் தொப்பி யார் தலையில் என்பது அவர் கண்ணசைவில் நடக்கும்.

ஐப்பசியில் கொளஞ்சி மூட்டுக்காய்ச்சலில் விழுந்தபோது செட்டில் ஆள் மிச்சமில்லை. அஞ்சலாட்சி அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை சித்தாள் எல்லாருமே போடுவதுதான். வாயில் துண்டைச் சுற்றிவிட்டால் தூசிக்குச் சுற்றியது என்றுதான் நினைப்பார்கள். எட்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த வேலை. பொம்பிளை கையில் கட்டுக்கம்பி முறுக்குகிற கொக்கியைக் கொடுக்கமாட்டார்கள் என்பதால்தான் அதுவரை செய்ததில்லை. நாலு நாளும் அவள் போட்ட கட்டில் ஒன்றுகூட நெகிழவில்லை. நூற்றுப் பதினேழு இந்த வாரம் பிரமாதம் என்று இன்ஜினியர் எழுதிவைத்துவிட்டுப் போனார். கொளஞ்சி எழுந்து வந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று தட்டு பறந்தது.

அந்த நாலு நாள்தான் இப்போது அவன் மண்டைக்குள் இருந்துகொண்டு கஞ்சி கேட்கிறது.

*

சனிக்கிழமை பிரிசில்லா கூப்பிட்டனுப்பினாள். திரையில் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா வந்துட்டாரும்மா. ஒரே ஒரு எடந்தான். ஐப்பசில நாலு நாள் பதிவு அழுக்கா இருக்கு."

"அழுக்குன்னா?"

"அவரு மாதிரியே இல்ல. ஒருத்தரோட கவனச்சிதறலக் கழிக்கணும்னா அவரு சுபாவம் மெஷினுக்குப் பழகியிருக்கணும். இந்த நாலு நாள்ல அது கொழம்பிப்போயி எதையும் கழிக்காம முழுசா விட்டுருக்கு. தொப்பில ஏதோ கோளாறு. அதான் அப்பப்ப சம்பந்தமில்லாமப் பேசறாரு. யாரோ காய்ச்சக்காரன், கஞ்சின்னு."

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே மேடம்."

"சான்றிதழ் குடுக்க முடியாதும்மா. திங்கக்கெழம காலையில கேட்டுல தொப்பியோட நுழையறப்பவே தொடச்சிரும். ஊசி கெடையாது, வலி கெடையாது. தொப்பிக்குக் கீழ இருக்கற தலையில அந்த நாலு நாளுக்குப் பொருந்துற நெனப்பத் தேடி எடுத்துரும். ஒரே தடவைதான். செவ்வாக்கெழம முழு குணம்னு பேப்பர் கையில."

அஞ்சலாட்சி அங்கிருந்து நேரே கம்பி யார்டுக்குப் போனாள். அய்யாக்கண்ணு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அண்ணே, போட்டது நாந்தான்னு சொல்லிடட்டா?"

"சொன்னா? கேட்டையே ஏமாத்துனவங்கன்னு பதினாலு பேரையும் வெளிய தள்ளுவான். ஒன் புருசனுக்கு வைத்தியமும் நின்னு போவும். யோசிச்சிக்க."

"தொடச்சிட்டா வூட்டு நெனப்புன்னு ஒரு சொட்டு இருக்காதேண்ணே. ஆறு மணிக்கு மேல அந்த மனுசன் கட்டயா நிப்பாரு, சாவுறவரைக்கும்."

"அது அவன் நெனப்பு இல்லியேம்மா. ஒன் நெனப்பு."

"என் நெனப்புலயாவது அவரு இருக்காரே."

அய்யாக்கண்ணு புகையை விட்டார். பீடியைக் கம்பியில் தேய்த்து அணைத்தார். "பதினாலு பேருல நானும் ஒருத்தன்" என்றார் கடைசியில். "இருந்தாலும் போயி சொல்லு. எங்க பேரு மட்டும் வேணாம்."

ஆபீஸில் ஆட்களைக் கவனிக்கிற மேனேஜர் ஸ்ரீவத்சன். மேஜையில் கொளஞ்சியின் தொப்பிப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. அவள் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். அவர் புன்னகை செய்தார்.

"வாய்ப்பே இல்லம்மா."

"நானே போட்டேன் சார். நாலு நாளு."

"நீங்க அப்படி நெனைக்கிறீங்க. இந்த கேட்டை யாராலும் ஏமாத்த முடியாதுன்னு உறுதி கொடுத்து இருபத்திரண்டு சைட்டுக்கு வித்திருக்கோம். ஏமாத்த முடியாதத நீங்க எப்படி ஏமாத்த முடியும்?"

"சார், நாந்தான் கம்பி கட்டுனேன். இன்ஜினியரு நல்லா இருக்குன்னு எழுதுனாரே, அது என் கட்டு."

அவர் திரையைத் தட்டிப் பார்த்தார். புருவம் ஏறியது. "அந்த நாலு நாள்தான் நூற்றுப் பதினேழோட மிகச் சிறந்த நாட்கள். நூத்துக்குத் தொண்ணூத்தாறு. இதப் போயி ஒரு லேடி..." என்று நிறுத்திக்கொண்டார். மரியாதை தெரிந்தவர். "உங்களுக்கு அதிர்ச்சி. கணவருக்கு இப்படி ஆனா யாருக்கும் வரும். மாற்றுவழி அறையில கிண்ண ஓசைக்கு எழுதித் தர்றேன், போயி உக்காருங்க."

அவள் மேஜை ஓரத்தில் சீட்டுகளைக் கட்டி வைத்திருந்த கம்பியைப் பார்த்தாள். கையில் கொக்கி இருந்தால் ஒரே திருகு, காட்டிவிடலாம். காட்டினாலும் இவர் கண்ணை நம்பமாட்டார், திரையைத்தான் நம்புவார். ஏமாற்றியதாக ஒத்துக்கொண்டால் தண்டிப்பார்கள் என்றுதான் அவள் பயந்தாள். ஒத்துக்கொள்ளவே விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கிண்ண ஓசைக்கு எழுதிக்கொடுத்த சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் அய்யாக்கண்ணு நின்றிருந்தார்.

"என்னாம்மா சொன்னான்?"

"கேட்ட ஏமாத்த முடியாதாம்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த இடத்திலேயே அந்த யோசனையும் வந்தது.

"அண்ணே, திங்கக்கெழம காலையில ஒரு தொப்பி மாத்தணும்."

சிரிப்பு நின்றது. "தொடைக்கிற அன்னைக்கா? தொப்பி ஒந்தலையில இருந்தா ஒன் நெனப்புல்ல போவும்?"

"நாலு நாளுதானே போவும்" என்றாள். "எங்கிட்ட பதினேழு வருசம் இருக்கு."

*

திங்கட்கிழமை காலை மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பியைக் கொளஞ்சியின் தலையில் வைத்தாள்.

"இது என் தொப்பி இல்லியே" என்றான்.

"மேஸ்திரி உத்தரவு."

அந்த வார்த்தை போதும், மறுபேச்சு இல்லை. சித்தாள்கள் நுழைகிற சந்தில் மெஷினும் கிடையாது, காவலும் கிடையாது. பெண்களோடு பெண்ணாக அவனை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஒருத்தி அவன் கையில் ஜல்லிக் கூடையைக்கூடக் கொடுத்துவிட்டாள். அவன் வாங்கிக்கொண்டு நடந்தான்.

அஞ்சலாட்சி வாயில் துண்டைச் சுற்றி, நினைவுத் தொப்பியை மாட்டி, வாரை இழுத்துக் கட்டினாள். அய்யாக்கண்ணு அவளுக்குப் பின்னால் நின்றார். முன்னால் ஏழு பேர். ஒவ்வொருத்தராக நகர நகர, அந்த நாலு நாளையும் கடைசியாக ஒருதரம் நினைத்துப் பார்த்தாள். முதல் நாள் கொக்கியைப் பிடித்தபோது கையில் ஏறிய குளிர்ச்சி. ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்த கடல். கீழே சுமந்த எட்டு வருஷத்தில் அவள் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. தன் கையால் போட்ட கட்டு அசையாமல் நின்றபோது வந்த ஒரு திமிர். அது போகப்போகிறதே என்பதுதான் வருத்தம். காய்ச்சல்காரனைத் திட்டியதெல்லாம் போனால் போகட்டும்.

"அண்ணே" என்றாள் திரும்பாமல். "கடலு தெரியிதுன்னு நான் சொல்லியிருக்கன்ல? ஞாவகம் வச்சிக்க."

"போம்மா, வரிச நவுருது."

மெஷின் அவள் தலையைத் துழாவியது. தலையிலிருந்து மணல் கூடையை யாரோ இறக்கிவைத்தாற்போல் ஒரு லேசு. "வணக்கம், நூற்றுப் பதினேழு. சரிபார்ப்பு முடிந்தது" என்றது. பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே சிமெண்டு கொட்டாய்க்குப் பின்னால் அய்யாக்கண்ணு தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டபோது அவள் கேட்டாள்.

"எதுக்குண்ணே இத நான் போட்டுக்கிட்டு வந்தேன்?"

அவர் சொன்னார். ஐப்பசியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். அவள் பக்கத்து வீட்டுச் சங்கதியைக் கேட்கிறவள் மாதிரிக் கேட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை. பத்துக் கேள்வி. பீமுக்கு எத்தனை ரிங், எத்தனை அங்குலத்துக்கு ஒரு கட்டு, உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட்டை எங்கே மாட்ட வேண்டும். கொளஞ்சி பத்துக்கும் பதில் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை யார் என்று எந்தக் கேள்வியிலும் இல்லை. முழு குணம் என்று சான்றிதழ் கொடுத்துப் படம் பிடித்தார்கள். ஸ்ரீவத்சன் ஒருபக்கம், கொளஞ்சி ஒருபக்கம், நடுவில் பட்டுத்துணி விரித்த பீடத்தில் தொப்பி. அதன்மேல் சந்தன மாலை போட்டிருந்தார்கள்.

*

அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் இல்லாத தொப்பியைக் கழற்றி இல்லாத ஆணியில் மாட்டினான். அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சுவர் பக்கம் திரும்பவில்லை. அடுப்படிக்குப் போனான். நொய்யை எடுத்துக் களைந்தான். சுக்கை எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்காமலே எடுத்தான்.

அவள் பானைக்குக் கை நீட்டியபோது அவன் அவள் ஆட்காட்டி விரலைப் பார்த்தான். நுனியில் கறுப்பாக ஒரு தழும்பு. எங்கே குத்தியது என்று அவளே இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது நாளு" என்றான். "ஒம்பதாவது மாடி, மூலை பில்லரு. கட்டுக்கம்பி ஏறிடுச்சி. ரத்தம் வந்தத யாரும் பாத்துடக் கூடாதுன்னு துண்டுக்குள்ள கைய விட்டு வாயில வச்சி உறிஞ்சிக்கிட்டு, மறு கையால கட்டுன."

"வலிச்சிதா?"

"உயிரு போச்சி." தன் விரலை ஊதிக்கொண்டான். "அப்ப நிமுந்து பாத்தா, கடலு. கோடு மாதிரி."

அவளுக்குக் கண் கரித்தது. அடுப்புப் புகை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அப்ப நான் கொளஞ்சியப் பத்தி என்னா நெனச்சேன்?"

அவன் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தான். சொல்லலாமா என்று பார்ப்பது தெரிந்தது. "திட்டிக்கிட்டேதான் இருந்த. அதெல்லாம் நான் எப்படி வாயால சொல்றது? அந்தாளு ரொம்ப மோசம்மா. உப்பு கூடுனா தட்டு, கொறைஞ்சா தட்டு."

"இப்ப எங்க அந்தாளு?"

"காய்ச்சலு வுடல போலருக்கு." கஞ்சியை ஊற்றி அவள் முன்னால் வைத்தான். "ஆறிடும், குடி."

அவள் குடித்தாள். உப்பே போடவில்லை. சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். அவன் காலித் தட்டை வாங்கிக் கழுவினான். வீட்டிலிருந்த மற்ற இரண்டு தட்டுகளையும் எடுத்து, நெளிந்து கிடந்த ஒன்றைத் தடவிப் பார்த்தான். மூன்றையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் ஒரு கட்டுப் போட்டு, முக்காலியில் ஏறி, தகரக் கூரைக்கு முட்டுக்கொடுத்த குழாயில் உயரமாக மாட்டினான்.

"இதென்னாங்க?"

"எந்திரிச்சி வந்தான்னா எட்டக் கூடாதுல்ல" என்றான் கொளஞ்சி.